பேர் வேணாம் ஐயாவின் பிடரி

காலை ஆறு நாற்பதுக்குக் கடையைத் திறக்க வந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு புதிய சக்கர நாற்காலி. பொலித்தீன் உறைகூடக் கழற்றப்படவில்லை. அந்த உறையின் மேலேயே, கால்மேல் கால் போட்டபடி, பேர் வேணாம் ஐயா அமர்ந்திருந்தார்.

எங்கள் கரையோரத்தில் அவரைப் போல் மறைவாகத் தர்மம் செய்தவர் எவரும் இல்லை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இது எல்லோருக்கும் தெரியும்.

தெரிய வைத்தவன் நான்தான். கல்முனைக் கடைத்தெருவில் எனக்கொரு போட்டோக் கொப்பிக் கடை. கூடவே ஒரு கொழும்புப் பத்திரிகைக்குப் பிரதேச நிருபர் வேலை. ஐயா ஓய்வுபெற்ற அரசாங்க இலிகிதர். கிறிஸ்தவ ஆலயத்தில் முன்வரிசைக்காரர். மாதம் ஒரு நற்காரியம் செய்வார். செய்வதற்கு முன்பே என்னிடம் வந்துவிடுவார்.

"தம்பி, படம் எடுங்க. செய்தி போடுங்க. ஆனா பேர் வேணாம்."

"முகம்?"

"சீச்சீ, முகம் கூடாது. எனக்குப் பின்னால நிண்டு எடுங்க."

ஆகவே படங்களில் பிள்ளைகள் புத்தகப் பையோடு நம்மைப் பார்த்து நிற்பார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு முதுகு நிற்கும். கீழே 'பெயர் குறிப்பிட விரும்பாத நலன்விரும்பி' என்று அச்சாகும். அந்த முதுகுக்கு மேலே இரண்டு மடிப்பு விழுந்த ஒரு பிடரி. இடது பக்கம் உளுந்தளவு மச்சம். தலைக்குச் சாயம் பூசுகிறவர் கைக்கு எட்டாமல் விட்ட அரை அங்குல நரை. மாவட்டத்தின் எந்த அரசியல்வாதியின் முகமும் அந்தப் பிடரியளவு பிரபலமாக இருந்ததில்லை.

"ஐயா, இண்டைக்கு நாலாம் பக்கத்தில நீங்க!" என்பார் தேநீர்க் கடைக்காரர்.

"நானா? அது ஆரோ பேர் வேணாமெண்ட மனிசன்" என்று ஐயா தலை குனிவார். இரண்டு மிடறு குடித்த பிறகு மெதுவாகக் கேட்பார்: "எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?"

ஒருமுறை பக்கம் வடிவமைத்தவர் படத்தின் மேல்பகுதியை வெட்டிவிட்டார். பத்திரிகை கல்முனைக்கு வந்து அரை மணித்தியாலத்தில் ஐயா என் கடையில் நின்றார். "தம்பி, படத்தில ஆளே இல்லையே!"

அவர் ஆலயத்தில் ஆண்டுதோறும் அறுப்பின் பண்டிகை நடக்கும். சபையார் நெல், தேங்காய், மரக்கறி என்று விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அவை ஏலம் போகும். ஒரு வருடம் ஐயா ஒரு பூசணிக்காயை மறைவாக ஏலம் எடுக்க ஓர் ஆளை ஏற்பாடு செய்தார். அந்த ஆள் ரகசியத்தைக் காக்க மாட்டார் என்ற சந்தேகத்தில் இன்னொருவரையும் ஏற்பாடு செய்தார். முதல் ஆளிடம் சொல்ல மறந்துவிட்டார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் கேட்க, பூசணிக்காயின் விலை ஆட்டுக்கடாவின் விலையைத் தாண்டிப் போனது. ஐயா முன்வரிசையில் இருந்து தனக்குத் தானே போட்டியாகி வியர்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னால் ரகசியம் வெளியே வந்துவிடும்.

புதிதாக வந்த இளம் போதகர் பொறுக்க முடியாமல், நற்காரியங்களை எந்த மனதோடு செய்கிறோம் என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பிரசங்கித்தார். மனிதர் பார்க்க வேண்டும் என்பதற்காகச் செய்வது வெறும் கூத்து என்றார். முடிந்ததும் ஐயா அவர் கைகளைப் பற்றிக்கொண்டு சொன்னாராம்: "என்னப் பத்தித்தான் கதைச்சீங்க எண்டு விளங்கிச்சி. பேரைச் சொல்லாம விட்டதுக்கு நன்றி."

ஐயாவின் சபையை மட்டும் சொல்வது நியாயமில்லை. எங்கள் ஆட்களில் பள்ளிவாசலுக்கு மின்விசிறி கொடுத்து, அதன் இறக்கையில் பெயர் எழுதுகிறவர்கள் உண்டு. சுற்றும்போது வாசிக்க முடியாது என்பதுதான் நிம்மதி.

அந்தக் காலையில் நாற்காலியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனோம். ஹாஜறா ராத்தா இடியப்பம் அவித்து விற்பவர். சீனி வருத்தத்தில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். ஏழு மாதமாக வாசலைத் தாண்டவில்லை. அடுப்படிக்கும் அறைக்கும் தரையில் நகர்ந்தே போய் வந்தார்.

வாசலில் இறக்கி வைத்த நாற்காலியைக் கண்டதும் அவர் கண் விரிந்தது. என் கமராவைக் கண்டதும் முந்தானையை இழுத்து மூடினார்.

"படம் வேணாம் தம்பி."

"உங்கட முகம் வராது ராத்தா. மறைச்சி எடுக்கலாம்" என்றேன்.

"அவர்ர முகமும் வராதெண்டு சொல்றாங்க. என்ட முகமும் வராது. அப்ப படத்தில ஆரு இரிக்கா? கதிரையா? அத ரோட்டில வெச்சி எடுங்க."

ஐயா இறங்கி வந்தார். "கை மட்டும் தங்கச்சி. நீங்க வாங்குற கை."

"கையும் என்டதான்."

"நிழல்?"

"ஐயா, கதிரைய ஏத்துங்க."

ஏற்றினார். அதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு காலோடு தரையில் இருந்த பெண்ணின் முன்னாலிருந்து அந்த நாற்காலியைத் தூக்கி, ஓட்டோவில் வைத்துக் கயிற்றால் கட்டினார்.

வழியில் எனக்கு வாயை அடக்க முடியவில்லை. "குடுத்திட்டு வந்திருக்கலாமே."

"பேப்பர்ல வராட்டி, செய்ததெண்டு எப்பிடித் தெரியும்?"

"ஆருக்கு?"

அவர் ஒரு விரலை மேலே உயர்த்தினார்.

"அவரும் எங்கட பேப்பரா வாசிக்காரு?"

ஐயா திரும்பி, நாற்காலியைக் கட்டிய கயிற்றை இன்னொரு முறை இறுக்கினார். இனி என் கடைப் பக்கம் அவர் வரக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன். வரவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, வடிகான் உடைந்த செய்திக்காக ராத்தா வீட்டு ஒழுங்கைக்குப் போனேன். மாலை நாலு மணி. ஹாஜறா ராத்தாவின் வாசலில் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சீமெந்து பூசிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மீன் வியாபாரி வேலிக்கு மேலால் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"மேசன், என்ன வேல இது? போன கிழமை பூசினது வெடிச்சிப் பெய்த்து. கதிரை ஏறுற சாய்வா இது, கொரங்கு ஏறுற சாய்வா?"

"ஓம், பிழைதான். உடைச்சிக் கட்டுறன்" என்றார் மேசன்.

மேசன் தலையைத் தூக்கினார். ஐயா.

நான் மீன் வியாபாரியிடம் வாய் திறந்தேன். "காக்கா, இவரு மேசன் இல்ல..."

"மேசன்தான்" என்று ஐயா குறுக்கே விழுந்தார். "புதுசாப் பழகிறன். தம்பி, கமராவ உள்ள வையுங்க."

உள்ளேயிருந்து நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு ராத்தா வாசலுக்கு வந்தார். "அண்டைக்குப் போனவரு அடுத்த நாளே தனியா வந்தாரு. கதிரைய உள்ள தள்ளினாரு. படி ஏறல்ல. அவருக்கு வெக்கமாப் பெய்த்து. அதுல இருந்து கட்டுறாரு, உடைக்காரு, கட்டுறாரு."

"பேசாம இருங்க தங்கச்சி" என்றார் ஐயா. அவர் குரலில் முதல் தடவையாகக் கோபம் இருந்தது.

சீமெந்து காய்ந்த பிறகு ராத்தா அந்தச் சாய்வில் இறங்கி, தெருமுனைக் கடை வரை போய் அரிசி மா வாங்கி வந்ததாக அறிந்தேன்.

அடுத்த கிழமை, நாட்கூலிக்குக் கோழிக்கூடு ஒன்று கட்டித் தருமாறு மீன் வியாபாரி மேசனைக் கேட்டார். ஐயா பேரைச் சொல்லாமலே போய்க் கட்டிக் கொடுத்தார்.