தன்ஜுங் கெலாப்பாவில் ஒரு வீடு

“அப்ப, உங்களுக்கெண்டு ப்ரொப்பர்ட்டி ஒண்டும் இல்லையோ?” என்று யோகராசா கேட்டபோது அருந்தவனின் வாயில் பாதி வடை இருந்தது.

வடையை மென்று முடிக்கும்வரை யோசிக்க நேரம் கிடைத்தது. அதுதான் பிழையாய்ப் போயிற்று.

அவுஸ்திரேலியாவில், செவன் ஹில்ஸில் அருந்தவன் குடும்பம் இருப்பது வாடகை வீடு. அருந்தவனுக்குச் சாமான் அடுக்கும் மரப் பாலெட் அடிக்கிற ஃபக்டரியில் வேலை. கையில் பலகைச் சிராய் இல்லாத நாள் கிடையாது. எதிரே கதிரையில் இருந்த யோகராசா கணக்காளர். லிட்கமில் இரண்டு அபார்ட்மென்ட் வைத்திருக்கிறார். அவருடைய மகனைத்தான் அருந்தவனின் மகள் வினுஷா விரும்பியிருந்தாள். இன்றைக்குப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள்.

வந்து இருந்த கையோடு யோகராசாவின் மனைவி சிவகௌரி ஒரு சொல் சொல்லியிருந்தாள்.

“இவர் பிளேன்ல, ஸ்கில்ட் விசாவில வந்து இறங்கினவர். போட்ல வந்த குடும்பமெண்டா எங்களுக்குச் சரிவராது. குறை நினைக்காதேங்கோ.”

அருந்தவன் அகதியாய்ப் போட்டில் வந்தவர். வடையோடு அதையும் விழுங்கிவிட்டார். குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த மகளின் கரண்டிச் சத்தம் நின்றுபோனது அவருக்குக் கேட்டது. அந்தப் பிள்ளைக்காக எதையாவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

“இருக்கு,” என்றார். “இந்தோனேசியாவில. கடற்கரையோட ஒரு வீடு.”

அவருடைய மனைவி சிவாஜினி அவரைப் பார்த்த பார்வையில் அடுப்பில்லாமலே இன்னொரு வடை பொரிந்திருக்கும்.

யோகராசா கோப்பையைக் கீழே வைத்தார். “இந்தோனேசியாவில எங்க?”

“தன்ஜுங் கெலாப்பா எண்டு ஒரு சின்ன மீன்பிடி ஊர். நீங்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டியள். நான் முந்தி அங்க கட்டட வேலை செய்தனான்.”

யோகராசா கதிரை நுனிக்கு வந்தார். பிறகு கேட்டார். “வீடு ஜெட்டிக்கு இந்தப் பக்கமோ, அந்தப் பக்கமோ?”

ஊரில் படகு கட்டுகிற ஜெட்டி இருக்கிறதென்று அருந்தவன் சொல்லவே இல்லை. கணக்காளர் மூளை, எல்லாவற்றையும் தோண்டுது என்று நினைத்துக்கொண்டார்.

“இந்தப் பக்கம்.”

“வெளிநாட்டுக்காரர் அங்க காணி வாங்கேலாதெல்லோ?”

“ஒரு மனுசியின்ர பேரில இருக்கு,” என்றார் அருந்தவன். நெற்றி வேர்த்தது.

“எந்த மனுசி?”

“சுமி எண்டு.”

யோகராசாவுக்குத் திடீரென்று இருமல் பிடித்துக்கொண்டது. சிவகௌரி முதுகில் தட்டிவிட்டாள். இருமி முடித்ததும் அவர் சொன்னார்: “கலியாணத்துக்கு முன்னம் ஒருக்கா எல்லாருமாப் போய்ப் பாப்பம்.”

அன்று தொடங்கியது சனி.

அருந்தவன் மறுநாளே ஃபோன் எடுத்தார். “அண்ணை, அங்க போறது வில்லங்கம். பஸ் பாதி வழியில நிண்டிடும். பிறகு மோட்டார்சைக்கிள்ல குந்தித்தான் போகோணும். மழை பெய்தா அதுவும் இல்லை.”

“அதுக்கென்ன, காற்சட்டையை மடிச்சுவிட்டு நடப்பம்.”

கணக்காளர் காற்சட்டை மடிப்பதை அருந்தவனால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அடுத்த நாள் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று என்றார்.

“நல்லதாப் போச்சு. சமைக்க ஆள் இருக்கும்.”

கடைசியில் தலைக்கு மேலே வெள்ளம் போனதும் அருந்தவன் கையில் இருந்த கடைசிப் பொய்யையும் எடுத்து வீசினார். “வீட்டைப் பாக்கிற அந்தச் சுமி மனுசிக்குச் சுகமில்லை. கடுமை போல.”

மறுமுனையில் கதிரை விழுகிற சத்தம் கேட்டது.

“என்ன வருத்தம்? ஆஸ்பத்திரியிலயோ? அருந்தவன், ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வாறம். வீடியோக் கோல் எடுங்கோ, நான் பாக்கோணும்!”

“முகம் தெரியாத மனுசிக்கு இந்தாள் ஏன் இப்பிடித் துடிக்குது?” என்று சிவாஜினி கேட்டாள்.

“துடிக்கேல்லை, என்னைப் பிடிக்கப் பாக்குது,” என்றார் அருந்தவன்.

இனி ஒரே வழிதான். மெல்பேர்னில் ட்ருகனினாவில் இருக்கிற, போட்டில் கூட வந்த பழைய கூட்டாளி அகிலனிடம் நம்பர் வாங்கி, கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பதினைந்து வருசத்துக்குப் பிறகு இபு சுமிக்கு அடித்தார். இபு என்றால் அந்த ஊரில் அம்மா.

“ஆரடா?” என்றது குரல்.

அதே குரல், அதே தமிழ். போட்டுக்காக அங்கே காத்துக் கிடந்த யாழ்ப்பாணத்துப் பெடியளிடம் பொறுக்கிய தமிழ். மரியாதைச் சொல் ஒன்றுகூட அதற்குள் விழவில்லை.

“அருந்தவன், இபு. சீமெந்து போட்டவன்.”

“கோழிக்கால்!” என்று கத்தினார் இபு. “சாப்பிட்டியாடா?”

அருந்தவன் கராஜ் தரையில் அப்படியே குந்திவிட்டார். அவுஸ்திரேலியா வந்த நாளிலிருந்து எத்தனையோ பேர் அவரிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் முதலாவதாகக் கேட்டதில்லை.

அங்கே இருந்தபோது எப்போது கடல் தாண்டுவோம் என்பதே பேச்சு. தாண்டி வந்த பிறகுதான் அந்தக் கரை நினைவில் வந்து குந்திக்கொண்டது. காய்கிற மீன் நாற்றம், வள்ளக்காரரின் கராம்பு சிகரெட் வாசம், மூங்கில் ஜெட்டியில் அலை வந்து இடிக்கிற சத்தம். இபுவின் வீட்டில் அப்போது மண் தரை. கைக்கு வேலை இல்லாமல் விசர் பிடிக்கும்போல இருந்த நாளில் அருந்தவன் சீமெந்து குழைத்து நிலம் போட்டார். காய முன்னம் இபுவின் கோழி அதன்மேல் ஊர்வலம் போனது. அவர் சீமெந்துக் கரண்டியோடு கலைத்துக்கொண்டு ஓட, “விடடா, கோழிக்கும் இந்த வீட்டில பங்கு இருக்கு,” என்றார் இபு.

நல்ல மனுசி. உப்புக் கேட்டாலும் தருவார், சட்டி கேட்டாலும் தருவார். சைக்கிள் மட்டும் தரமாட்டார். முன்னம் தங்கியிருந்த எவனோ ஒருவன், போட் வெளிக்கிடுதென்று சைக்கிளை இரவல் வாங்கி மிதித்தவன், மிதித்தவன்தானாம். அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் சந்தைக்கு நடந்துதான் போனார்கள். வழி முழுக்க அந்த முகம் தெரியாதவனைத் திட்டிக்கொண்டே போனார்கள்.

“இபு, ஒரு உதவி. உங்கட வீடு என்ர வீடெண்டு சொல்லோணும். மகளின்ர கலியாணம்.”

“சொன்னா என்ன? நிலம் உன்ர, கூரை என்ர, நடுவில கோழி,” என்று சிரித்தார் இபு.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறியோடு சாப்பாடு முடிந்தது. அருந்தவன் தன் சின்ன ஃபோனில், வெளிச்சம் குறைவான மூலையில், சட்டென்று காட்டி முடிக்கத் திட்டம் போட்டிருந்தார்.

“Wait, அப்பா,” என்றாள் வினுஷா. “டிவியில போடுறன். எல்லாரும் பாக்கலாம்.”

ஃபோனை டிவிக்கு முன்னால் நிறுத்திவைத்தாள். சுவரளவு டிவியில் இபு சுமி வந்து நின்றார். நரைத்துப்போயிருந்தார். தோளுக்குப் பின்னால் கடல் கிடந்து மினுங்கியது. “இப்ப சுகம் வந்திட்டுதாம்,” என்று முந்திக்கொண்டு சொன்னார் அருந்தவன். யோகராசா கதிரையை மெல்ல இழுத்து அலுமாரிக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்.

“கிட்ட வாங்கோவன் அண்ணை.”

“எனக்கு இங்கினை காணும். கமெரா எனக்குச் சரிவராது.”

குரல் ஒரு மாதிரி இருந்தது. நம்பிக்கையில்லாத ஆள், தள்ளி நின்று பிழை பிடிக்கப்போகுது என்று அருந்தவன் நினைத்துக்கொண்டார்.

இபு சொன்னதைச் செய்தார். சொல்லாததையும் செய்தார். “இது அருந்தவன் வீடு. நான் வேலைக்காரி. இந்தக் கிணறு அவன்ர. அந்தத் தென்னை அவன்ர.” கையை அகல விரித்தார். “இந்தக் கடல், அதுவும் அவன்ர.”

“கடலுமோ?” என்றாள் சிவகௌரி.

“கொஞ்சத் தூரம் மட்டும்,” என்று அவசரமாகச் சொன்னார் அருந்தவன்.

இபு கமெராவைத் தரைக்குத் திருப்பினார். சீமெந்தில் கோழிக்கால் அடையாளங்கள் வாசலிலிருந்து குசினிவரை அப்படியே கிடந்தன. அருந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அலுமாரிக்குப் பின்னால் யாரோ மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

சிரிக்கிறார், என்று நினைத்தார் அருந்தவன். பொய்யைப் பிடித்துவிட்டார், மகளின் கலியாணம் போச்சு. இனி மறைத்து என்ன பயன்? எழுந்து போய் யோகராசாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

“வாங்கோ அண்ணை, வந்து நீங்களே கேளுங்கோ. உள்ளதைச் சொல்லுவா.”

“வேண்டாம் அருந்தவன், விடுங்கோ, சொன்னாக் கேளுங்கோ...”

பாலெட் தூக்கிப் பழகிய கை. கணக்காளர் கதிரையோடு சேர்ந்து ஃபோனுக்கு முன்னால் வந்து நின்றார்.

இபு சுமி பேச்சை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, டிவி முழுக்க முகம் நிறையும்படி குனிந்து பார்த்தார்.

“டேய் யோகா! என்ர சைக்கிள் எங்கயடா?”