டீயில் முக்கிய காக்கி

இஸ்திரிப் பெட்டியை எடுத்தபோது இன்ஸ்பெக்டரின் முதுகில் ஒரு பழுப்பு முக்கோணம் இருந்தது. முதுகு என்றால் சட்டையின் முதுகு. பரமசிவனுக்குத் தன் முதுகில் அடி விழுந்ததுபோல இருந்தது.

தென்காசியில் சாரல் பிடித்துவிட்டால் துணி எதுவும் ஒழுங்காகக் காய்வதில்லை. ஈரக் காக்கியைக் கொஞ்சம் கூடுதலாக அழுத்தியதுதான் வினை. ஸ்டேஷன் மதிலோரம் அவருடைய தேய்ப்பு வண்டி நிற்பதே இன்ஸ்பெக்டரின் தயவில்தான். “இங்கனயே நில்லும். என் சட்டையில ஒரு குறை வந்துச்சு, வண்டி இங்கன இருக்காது” என்று அவர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

“ஏட்டி, சட்டை கருகிட்டு!”

மனைவி பேச்சித்தாய் எட்டிப் பார்த்தாள். “எலுமிச்சம்பழத்தை வச்சு உரசுங்க, போயிரும்.”

போனது. கறையோடு காக்கி நிறமும் சேர்ந்து போனது. முக்கோணம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம்.

“காக்கியும் டீத்தண்ணியும் ஒரே கலர்தான? லேசாத் தொட்டு வையுங்க.”

தொட்டு வைத்தார். வட்டம் கறுத்தது.

“மொத்தச் சட்டையையும் முக்கிட்டா ஒண்ணுபோல ஆயிரும்லா?” இந்த யோசனை மட்டும் பரமசிவனுடைய சொந்த யோசனை.

வெளியே எடுத்தால் சட்டை கருப்பட்டி நிறத்தில் இருந்தது. அதைக் கொடியில் போட்ட நேரம் பார்த்து ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் கழுத்தைப் பிடித்துக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜீப் குற்றாலம் ரோட்டில் போய்விட்டது.

“பாத்துட்டாரு. போச்சு, எல்லாம் போச்சு.”

கொஞ்ச நேரத்தில் ஏட்டு ஆவுடையப்பன் பைக்கில் வந்து நின்றார்.

“அண்ணாச்சி, ஏறுங்க. ஐயா குத்தாலத்துல இருந்து போன் போட்டாரு. கையோட கூட்டிட்டு வரச் சொல்லுதாரு.”

“என்னையவா?”

“‘தேய்க்க ஆளு எங்கலே’ன்னு ஒரே சத்தம்.”

பேச்சித்தாய் சட்டையை மஞ்சப்பையில் திணித்துக் கொடுத்தாள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. “பொய் சொல்லாதீங்க. நேரா கால்ல விழுந்துருங்க.”

பைக்கில் போகும்போது பரமசிவன் மெதுவாகக் கேட்டார். “ஐயா கோவமா இருக்காரோ?”

“கொதிச்சுப்போய்க் கிடக்காரு. சீசன் டூட்டி, தூக்கமே இல்ல. யாரு போனாலும் கடிக்காரு.”

பண்பொழி முருகனுக்கு மொட்டை போடுவதாகப் பரமசிவன் வேண்டிக்கொண்டார். பழைய பேருந்து நிலையம் தாண்டும்போது பேச்சித்தாய்க்கும் சேர்த்து வேண்டினார்.

குற்றாலத்தில் விடுதிப் பின்கட்டில் இன்ஸ்பெக்டர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் ஒரு துண்டு. மேலே ஒன்றுமில்லை. பரமசிவனுக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. பாவம், போட்டுக்கொள்ளச் சட்டையில்லாமல் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்!

தடாலென்று காலில் விழுந்தார். “ஐயா, நான்தான் கருக்குனேன்! எலுமிச்சம்பழம் போட்டதும் நான்தான். டீயில முக்குனதும் நான்தான். வண்டிய மட்டும் தூக்கிராதீங்கய்யா!”

மஞ்சப்பையிலிருந்து கருப்பட்டிச் சட்டை வெளியே வந்தது. இன்ஸ்பெக்டர் துண்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். சட்டையைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“ஏலே ஆவுடையப்பா, யாரைலே கூட்டிட்டு வந்திருக்க?”

ஏட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

“தேய்க்க ஆளுன்னுதானய்யா சொன்னீங்க... எண்ணெய் தேய்க்கன்னு சொல்லலையே!”