மார்சாம் கொலையில் ஹெப்சிபா அம்மாளுக்குத் தெரிந்தது

எங்கே கொலை நடந்தாலும், கொன்றவருக்கு அடுத்தபடியாக எல்லா விவரமும் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். போலீஸுக்குத் தெரியாது, வைத்தியருக்குத் தெரியாது. இவருக்கு மட்டும் அப்போதே தெரியும். பார்த்திருப்பீர்கள். லண்டனில் கேம்பர்வெல் பக்கம் இந்த இனத்துக்குத் திருமதி ஹெப்சிபா டாங்க்ஸ் என்று பெயர்.

பக்கத்து வீட்டு எட்வின் மார்சாம் ஆட்டிறைச்சி சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயிற்றில் பாஷாணம் என்றார்கள். இளம் மனைவி லெட்டிஸைப் போலீஸ் வண்டியில் ஏற்றியதைத் திரைச்சீலை ஓரமாகப் பார்த்து முடித்த ஹெப்சிபா அம்மாள், தொப்பியைக் கட்டிக்கொண்டு தெருவில் வீடு வீடாக ஏறி, கொடுத்த தேநீரையெல்லாம் குடித்து, ஒரே சேதியை எல்லா வீட்டிலும் இறக்கிவிட்டு வந்தார்.

“எனக்கு அப்பவே தெரியும். மாமியார் செத்து மூணு மாசம் ஆகல, அதுக்குள்ள துக்கக் கறுப்ப விட்டுட்டு ஊதா ரிப்பன் கட்டிட்டா.”

“ரிப்பன் கட்டினவ கொலை பண்ணுவாளா?” என்றார் எதிர்வீட்டு மிஸ் பெல்.

“நீ கல்யாணம் ஆகாதவ. உனக்குப் புரியாது.”

வழக்கு நாளில் சீமாட்டிகள் நாடகம் பார்க்கும் தூரக்கண்ணாடியும் சாண்ட்விச்சுமாக நீதிமன்ற மாடத்தை நிரப்பினார்கள். ஹெப்சிபா அம்மாளுக்கோ அதைவிட நல்ல இடம்: சாட்சிக் கூண்டு. லெட்டிஸ் ஈ கொல்லும் தாளைக் கிண்ணத்தில் ஊறவைத்ததைத் தன் ஜன்னல் வழியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தானே? அந்தத் தாளில் இருப்பதும் பாஷாணம். ஏன் ஊறவைத்தாள் என்று லெட்டிஸ் சொல்ல முடியாது; குற்றம் சாட்டப்பட்டவர் தன் வழக்கில் சாட்சி சொல்ல அந்தக் காலத்துச் சட்டம் விடவில்லை. பாவம், சின்னப் பெண். தூக்குக் கயிறு ஹெப்சிபா அம்மாளின் நாக்கில் தொங்கியது.

லெட்டிஸின் வக்கீல் எழுந்தார்.

“அவ்வளவு தூரத்துலேர்ந்து அது ஈத்தாள்னு எப்படிம்மா தெரிஞ்சுது?”

“தட்டு போட்டு மூடி வச்சிருந்தாளே. எல்லாரும் அப்படித்தான் வைப்பாங்க.”

“எதுக்கு வைப்பாங்க?”

ஹெப்சிபா அம்மாள் தொப்பி நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். கேம்பர்வெல்லில் கௌரவமான பெண்கள் முகத்துக்கு எதுவும் தடவுவதில்லை. அப்படித்தான் சொல்லிக்கொள்வது.

வக்கீல் குரலை இறக்கினார். “தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு ஐம்பது வயசாமே. முப்பத்தஞ்சு தாண்டியிருக்காதுன்னு நெனச்சேன். இந்த முகத்துக்கு என்ன பண்றீங்க?”

ஜூரிகளில் ஒரு மளிகைக்காரர் எட்டிப் பார்த்தார். அது போதுமே.

“நாற்பத்தொன்பதுதான் சார். ராத்திரி ஊறப்போட்டு, காலையில அந்தத் தண்ணியப் பஞ்சுல தொட்டு ஒத்தணும். தேய்க்கக் கூடாது.”

“எதை ஊறப்போட்டு?”

“ஈத்தாளத்தான்.”

மாடத்தில் ஒரு சீமாட்டியும் இன்னொருவர் முகத்தைப் பார்க்கவில்லை. லெட்டிஸ் மட்டும் குற்றவாளிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று சாயங்காலமே விடுதலையானாள். கொன்றது யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

யாருக்கும் என்றா சொன்னேன்?

“எனக்கு அப்பவே தெரியும், அந்தப் பொண்ணு ஒரு பாவமும் அறியாதவ,” என்றார் ஹெப்சிபா அம்மாள், மிஸ் பெல்லின் கேக்கில் இரண்டாவது துண்டை எடுத்தபடி.

“நீங்கதானே ரிப்பன்னு...”

“அது வேற. செத்தவரோட தம்பியப் பார்த்தியா? அடக்கத்தன்னிக்கு என்ன அழுகை! கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல.”

சிரிக்காதீர்கள். தம்பி என்றதும் ‘அதானே’ என்று நீங்களும் தலையாட்டினீர்கள். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் இன்னும் சொல்லவில்லை.