மடங்காத கத்தியும் அண்ணனின் கல்யாணமும்

எந்தப் பொருளையும் பட்டியல் போட்டு வாங்கினால் ஏமாற மாட்டோம் என்று நம்புகிறவள் நான். இன்றும் அந்த நம்பிக்கை போகவில்லை. ஆனால் என் பட்டியலில் எல்லாக் கட்டங்களிலும் டிக் வாங்கித் தேறிய ஒரே பொருள்தான் என் அண்ணனின் கல்யாணத்தைக் கிட்டத்தட்ட நிறுத்தப் பார்த்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது ஒரு மடக்குக் கத்தி.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. மெக்கானிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, டிராம்பே பக்கம் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். நாள் முழுக்க ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்து, "இது தேறாது" என்று சொல்வதற்குச் சம்பளம். (வீட்டில் இதை இலவசமாகச் செய்துகொண்டிருந்தேன்.)

கத்தி வேண்டும் என்று தோன்றியதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, எங்கள் பிரிவுக்கு வரும் அட்டைப் பெட்டிகளை எல்லோரும் சாவியால் குத்திக் கிழிப்பார்கள். ஒழுங்கு தெரிந்த யாராலும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்று, பஸ் நிறுத்தத்திலிருந்து தொழிற்சாலை வாசல் வரை போகும் சாலை. ஒரு பக்கம் முடிவே இல்லாத மதில் சுவர், மறுபக்கம் வரிசையாக டாங்கர் லாரிகள், நடுவில் நாய்களும் நானும்.

இரண்டு மாதம் ஆராய்ந்தேன். எக்செல் தாளில் பதினேழு கலங்கள். அலகின் நீளம், எஃகின் வகை, எடை, ஈரக்கையில் வழுக்குமா, பையில் மாட்டும் கிளிப் எந்தப் பக்கம், ஒரு கையால் திறக்க முடியுமா, விரித்த பிறகு விரல்மேல் மடங்கிவிடாமல் நிறுத்தும் பூட்டு எப்படிப்பட்டது. கடைசிக் கலத்தின் தலைப்பு: 'டாக்டிக்கல்', அதாவது ஆபத்து நேரத்துக்குத் தோதானதா. இந்தச் சொல்லை இணையக் காணொளிகளில் கற்றேன். அவற்றில் தாடி வைத்த வெளிநாட்டுக்காரர்கள் காட்டுக்குள் மரக்கட்டைமேல் உட்கார்ந்து, கரடி வந்தால் கத்தியை எப்படி எடுப்பது என்று சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு வருவது பஸ்தான். அதுவும் நேரத்துக்கு வராது. ஆனாலும் நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்தேன்.

"மடங்குத கத்தியா?" என்றார் அப்பா. அவர் தாராவியில் பெல்ட்டும் பர்ஸும் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். தோல் வெட்டும் கத்தியைப் பிடித்தே எங்கள் இருவரையும் படிக்க வைத்தவர். "கத்தின்னா வெட்டணும். மடங்கணும்னா குடை வாங்குட்டி."

"இதுல லாக் இருக்குப்பா. விரிச்சதும் உள்ள ஒரு தகடு வந்து முட்டுக்கொடுக்கும். அந்தத் தகட்டத் தள்ளினாத்தான் மடங்கும்."

"நம்ம வீட்டுக் கதவும் தள்ளினாத்தான் மூடும். அதுக்கு இவ்வளவு பேச்சு பேசுதோமா?"

கத்தி வந்தது. கண்ணாடி முன்னால் நின்று பையிலிருந்து எடுத்து ஒரே கையால் விரிக்கப் பழகினேன். ஒரு மாதக் கணக்கைச் சொல்கிறேன்: திறந்த பெட்டிகள் எண்ணற்றவை, நறுக்கிய ஆப்பிள்கள் ஏழு, கிழிந்த துப்பட்டாக்கள் இரண்டு, இரண்டும் என்னுடையவை. எதிரிகள் யாரும் வரவில்லை. நாய்கள்கூட என்னைப் பொருட்படுத்தவில்லை.

இனி அண்ணன் விஷயம். அண்ணன் முத்துவும் செம்பூரைச் சேர்ந்த நிவேதாவும் ஒரே அலுவலகம்; ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். நிவேதாவின் அப்பா வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நிதானமானவர். அண்ணனை அவருக்குப் பிடித்திருந்தது. "பையன் தங்கமான பையன். ஆனா தாராவி..." என்று சொல்லி நிறுத்துவார். அந்த 'ஆனா'வுக்கு மூன்று வயது ஆகியிருந்தது. சினிமாவில் தாராவி என்றால் எப்படிக் காட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்: ஒரு சந்து, ஒரு கும்பல், ஆளுக்கொரு கத்தி.

மூன்று வருஷம் கழித்து, விஜயதசமியன்று மதியம் வரச்சொல்லி அவரே கூப்பிட்டார். பார்த்துப் பேசுவோம், மனசுக்குச் சரியென்று பட்டால் தட்டு மாற்றிக்கொள்வோம் என்றார். சரிப்படாவிட்டால் இனிப் பேச்சே இல்லை என்பதை அவர் சொல்லவில்லை, அண்ணன் சொன்னான். "பேச்சி, நாம சாதுவான குடும்பம்னு அவருக்குத் தெரியணும். அவ்வளவுதான்டி வேணும்" என்றான்.

என்னிடம் இப்படிச் சொன்னால் என்ன நடக்கும்? பட்டியல் நடக்கும். அப்பா உரக்கப் பேசக்கூடாது. அம்மா குழாயடிச் சண்டையில் ஜெயித்த கதையைச் சொல்லக்கூடாது. பட்டறை டெம்போவில் போய் இறங்கக்கூடாது. அண்ணன் பதற்றத்தில் நகம் கடிக்கக்கூடாது. நால்வரில் மூவருக்கு எழுதினேன். நான்காவது ஆளுக்கு அறிவுரை தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. பட்டறையில் அது பெரிய நாள். தையல் இயந்திரம், சுத்தியல், துளைக்கருவி, கத்திகள் எல்லாவற்றையும் கழுவி, வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவோம். மறுநாள் காலை வரை எதையும் தொடக்கூடாது. அந்த வருஷம் அப்பா என் பையிலிருந்த கத்தியையும் எடுத்து வரிசையில் சேர்த்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்பா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். அலகு முழுக்கப் பன்னீரில் குழைத்த சந்தனம், அதன்மேல் தாராளமாகக் குங்குமம். மடங்கும் மூட்டில் மட்டும் விரலால் அழுத்தி இன்னும் கொஞ்சம். "உசிரு இங்கதான இருக்கு" என்றார். பிறகு யார் கையிலும் பட்டுவிடக்கூடாதென்று அப்படியே மடக்கி வைத்தார்.

படிக்கிறவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். பரிசோதனையே தொழிலாகக் கொண்ட எனக்குப் புரியவில்லை. மறுநாள் காலை அதை எடுத்து, திறந்துகூடப் பார்க்காமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். தினமும் உடன் இருக்க வேண்டிய கத்தி என்றால் தினமும்தானே?

செம்பூர் வீட்டு வாசலில் சாமந்தித் தோரணம். உள்ளே வெள்ளைத் தரை, வெள்ளைச் சோபா, வெள்ளைத் திரை. முதல் அரைமணி நேரம் என் பட்டியல் பிரமாதமாக வேலை செய்தது. அப்பா அவ்வளவு மெல்லப் பேசியதால் நிவேதாவின் அம்மா கவலைப்பட்டு, "தொண்டை கட்டியிருக்கா? வெந்நீர் தரட்டுமா?" என்று கேட்டார். அண்ணன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். நிவேதாவின் அப்பா, எனக்கு அங்கிள், இரண்டு தடவை சிரித்தார். (நான் எண்ணினேன்.)

நாங்கள் கொண்டுபோன பழக்கூடையைக் கடைக்காரர் பளபளக்கும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, டேப் ஒட்டி, ரிப்பன் கட்டிக் கொடுத்திருந்தார். நிவேதாவின் அம்மா அதைப் பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "நிவி, கத்தரிக்கோல் எங்கடி வெச்சே?"

இரண்டு மாத ஆராய்ச்சியும் ஒரு மாதப் பயிற்சியும் இந்த ஒரு கணத்துக்காகத்தான் என்று எனக்குப் பட்டது.

"இருங்க ஆன்ட்டி, நான் பிரிச்சித் தாரேன்" என்று எழுந்தேன். எழுந்து அறையின் நடுவுக்கு வந்தேன். பையிலிருந்து எடுத்தேன். கட்டைவிரலால் தள்ளினேன். அசையவில்லை. பலமாகத் தள்ளினேன். அசையவில்லை. தாடிக்காரர்கள் சொல்லிக்கொடுத்தபடி மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினேன்.

'சடக்' என்ற சத்தத்தோடு விரிந்தது. அலகு செக்கச்செவேல் என்று இருந்தது. முழுக்கக் காயாத பன்னீர்க் குங்குமம் நுனியில் திரண்டு, வெள்ளைத் தரையில் ஒரு சொட்டாக விழுந்தது.

அங்கிளின் இரண்டு கைகளும் மேலே போயின. அவர் யோசித்துத் தூக்கியதாகத் தெரியவில்லை. கைகள் தாமாகவே போயின. ஒரு கையில் மிக்சர் இருந்தது. அது சோபாவெங்கும் இறங்கியது.

"அது... ரத்தமா?"

"ரெத்தமில்ல சார்!" அப்பாவின் சொந்தக் குரல் அப்போதுதான் அந்த வீட்டில் முதன்முதலாகக் கேட்டது. "குங்குமம்! நேத்து பூசையில வச்சது. நம்மகிட்ட உள்ள அத்தன கத்திக்கும் வச்சோம்லா!"

"அத்தனை கத்தின்னா?"

"இருக்கும் சார், ஒரு முப்பத்திரெண்டு."

அப்பா வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. அன்று ஒரு நாள் சொல்லியிருக்கலாம்.

"மடக்குட்டி" என்றான் அண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மடங்கல."

"என்னது, மடங்கலயா? அதுக்குத்தான ரெண்டு மாசம் படிச்ச!"

"சந்தனம் காஞ்சி லாக்குக்குள்ள இறுகிட்டு. தகடு நகர மாட்டேங்கு."

"இங்க கொண்டா" என்று அப்பா கை நீட்டினார். கொடுக்கப் போனேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "கையில தராத! கத்தியக் கையில குடுத்து வாங்கினா ஒறவு முறிஞ்சிரும். நல்ல காரியமா வந்த எடத்துல... கீழ வையி!"

வெள்ளைத் தரையில் வைக்க மனம் வரவில்லை. டீப்பாயில் டம்ளர்களும் தட்டுகளுமாக இடமில்லை. இருந்த ஒரே இடத்தில் வைத்தேன்.

"ஏட்டி, வெத்தலத் தட்டுலயா வைக்க!" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மாற்ற வேண்டிய தட்டில், வெற்றிலைக்கும் மஞ்சள் கிழங்குக்கும் நடுவே என் டாக்டிக்கல் கத்தி விரிந்து கிடந்தது. அண்ணன் அதைப் பார்க்கவில்லை. நிவேதாவைப் பார்த்துக்கொண்டிருந்தான், கடைசியாகப் பார்ப்பதைப் போல. எனக்கு அந்த ஐந்தாவது மாடி ஜன்னல் வழியாகவே வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தது.

அங்கிள் கைகளை மெதுவாக இறக்கினார். "தப்பா நினைக்காதம்மா. ஒண்ணு கேக்கணும். நீ எதுக்கு இதை வெச்சிருக்கே? தாராவியில அவ்வளவு பயமா?"

மூன்று வருஷமாக 'ஆனா'வுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கேள்வி. அதற்கு நான் சொல்லப்போகும் பதிலில்தான் அண்ணனின் கல்யாணம் தொங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் பட்டியல் எதுவும் இல்லை. அதனால் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"தாராவியில எதுக்கு அங்கிள் கத்தி? எங்க சந்துல நான் ஒரு தும்மல் போட்டா நாலு வீட்டுலேருந்து கஷாயம் வரும். இது இந்தப் பக்கம் வாரதுக்கு. டிராம்பே, செம்பூர்லாம்தான் எனக்குப் பயம்."

நிவேதா புடவைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டாள். பயனில்லை, சிரிப்பு வெடித்துவிட்டது. அவள் அம்மாவும் சிரித்தார். அங்கிள் மட்டும் சிரிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"செம்பூர்ல பயமா? இங்க என்ன பயம்? முப்பத்தஞ்சு வருஷமா இருக்கோம், ஒரு வம்பு தும்பு கிடையாது. எல்லாம் குடும்பம் குட்டியோட இருக்கறவங்க. வெளியில இருக்கறவங்க என்னத்தையாவது..."

அங்கே நின்றுவிட்டார். தன் குரல் தன் காதிலேயே விழுந்தாற்போல முகம் மாறியது.

"நாங்களும் அப்படித்தான் சார் இருக்கோம்" என்றார் அப்பா. இந்த முறை அவர் மெல்லப் பேசியதற்கு என் பட்டியல் காரணமில்லை.

அங்கிள் குனிந்து, வெற்றிலைத் தட்டிலிருந்த கத்தியை உற்றுப் பார்த்தார். "இதுக்கு வெந்நீர்தான். எண்ணெய் விட்டா இன்னும் கெட்டிப்படும். போன வருஷம் பூஜையில என் ஸ்கூட்டர் சாவித் துவாரத்துல சந்தனம் அடைச்சுண்டு, ஒரு வாரம் பஸ்ல போனேன்."

"பல் துலக்குத பிரஷ் இருக்கா சார், பழசு?" என்றார் அப்பா.

இரண்டு அப்பாக்களும் சமையலறைத் தொட்டிக்கு முன்னால் தோளோடு தோள் நின்றார்கள். நான் பின்னால் நின்று, இந்த எஃகுக்குச் சூடு எவ்வளவு தாங்கும், திருகைக் கழற்றினால் சுலபம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். "நீ செஞ்சது போதும்மா" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று அவர்கள் முதன்முதலில் ஒத்துப்போன விஷயம் அதுதான்.

இருபது நிமிஷத்தில் தகடு நகர்ந்தது. "ஆச்சு!" என்று அங்கிள் சந்தோஷமாக மடக்கினார், தன் கட்டைவிரலையும் சேர்த்து.

அப்பா அந்த விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "சார், இதுதான் ரெத்தம்" என்றார்.

அங்கிள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. நல்லவேளை, சின்னக் கீறல்தான். கட்டுப் போட்ட விரலோடு கூடத்துக்கு வந்தார். ஆன்ட்டி வெற்றிலையை மாற்றிப் புதிதாக அடுக்கி வைத்திருந்தார். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள மாத்திடலாமே" என்று அங்கிள்தான் முதலில் தட்டைத் தூக்கினார். அண்ணன் கல்யாண ஆல்பத்தின் முதல் படம் அது: தட்டு, இரண்டு அப்பாக்கள், பெரிய வெள்ளைக் கட்டைவிரல்.

கத்தி அதற்குப் பிறகு என்னிடம் திரும்பவே இல்லை. அங்கிள் (இப்போது மாமா) அதில்தான் தினமும் பால் பாக்கெட் வெட்டுகிறார். கேட்டால், "எப்படிம்மா தரது? கையில தரக்கூடாதே" என்கிறார்.

ஆனால் நான் செம்பூருக்குப் போகும்போதெல்லாம் நடக்கும் கூத்து வேறு. கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் மாமா இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, "அம்மா பேச்சி, விட்டுடும்மா!" என்பார். அண்ணனும் அண்ணியும் அங்கே இருந்தால் உடனே அவர்களும் தூக்குவார்கள். இதைப் பார்த்துப் பார்த்து அண்ணனின் மகளும் கற்றுக்கொண்டுவிட்டாள். ஒன்றரை வயது. என் தலையைக் கண்டால் போதும், எந்த இடமானாலும் இரண்டு கைகளும் மேலே போய்விடும். லிப்டில் வருகிறவர்கள், "அத்தை மேல எவ்வளவு பாசம் பாருங்க, தூக்கச் சொல்லுது குழந்தை" என்று நெகிழ்ந்து போகிறார்கள்.

அவள் சரணடைகிறாள் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. தூக்கிக்கொள்கிறேன்.