வியாழக்கிழமைக்கு ஒரு காரணம்

"காரணத்தைச் சத்தமாச் சொல்லு," என்றாள் சூப்பர்வைசரக்கா. "அடுத்த வியாழக்கிழமை உன் காலரை யார் தலையில கட்டுறதுன்னு நான் பாக்க வேணாமா?"

அந்தத் தையல் கம்பெனியில் அப்படித்தான். ஒருத்தி தோளை மூட்டித் தள்ளுவாள். அடுத்தவள் கை வைப்பாள். அதற்கடுத்தவள் காலர் வைப்பாள். ஒரு நாற்காலி காலியானால் வரிசையில் பதினாறு பேருக்கும் வேலை நிற்கும். ஆகவே லீவு கேட்கிறவள் பதினாறு பேர் காதிலும் விழும்படி காரணம் சொல்லியாக வேண்டும். கேட்டு மனசு இளகினால்தான் பக்கத்து மிஷின்காரி அந்த வேலையையும் சேர்த்து வாங்கிக்கொள்வாள்.

காலர்க்காரியின் காரணம் அவள் சாப்பாட்டுப் பைக்குள் ஒரு கவரில் கிடந்தது. அதைச் சத்தமாகச் சொல்வதற்குப் பதில் நாலு ஊசியை முழுங்கிவிடலாம்.

கம்பெனியில் முகாம் போட்டு எல்லாப் பெண்களுக்கும் சோதனை எடுத்திருந்தார்கள். முந்தின நாள்தான் மருத்துவமனைக்குக் கூப்பிட்டு நர்ஸ் முடிவைச் சொன்னாள்.

"ஹெச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ்க்கா. உங்களுக்கு இருக்கு. இது புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. கவனிக்காம விட்டா பல வருசம் கழிச்சுக் கருப்பை வாயில புத்துநோயா மாறலாம். மாறவிடாம பாத்துக்கத்தான் இந்தச் சோதனையே. வர்ற வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க, கருவி வெச்சுப் பாத்துடலாம்."

"இது எப்படிம்மா வருது?"

"புருசன் பொண்டாட்டி சேர்றதுல வர்றதுதான். முக்காவாசிப் பேருக்கு ஒருதரமாவது வந்துட்டுத் தானாப் போயிடும். எப்ப வந்துச்சு, யாரால வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வருசக்கணக்கா சத்தமில்லாமத் தூங்கும்."

முதல் வாக்கியம் மட்டும் உள்ளே போயிற்று. மற்றதெல்லாம் வாசலோடு நின்றுவிட்டது.

பதினாலு வருசமாக அவளுக்கு ஒரே புருசன். அப்படியானால் அவரா? வெல்டிங் பட்டறையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் பட்டறை என்று கிடக்கிற மனுசன். சீ! சரி, அவர் இந்தக் கவரைப் பார்த்தால் என்ன நினைப்பார்? 'நான் இல்ல, அப்ப நீதான்' என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், பதினாலு வருசத் தையல் ஒரே இழுப்பில் பிரிந்துவிடும்.

"என்னடி, வாயில நூலா?" என்றாள் சூப்பர்வைசரக்கா.

"மாமியார் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்கக்கா. இடுப்பு. வியாழக்கிழமை படம் எடுக்கணுமாம்."

பதினாறு மிஷினும் நின்றன. பதினாறு வாயும் "அடப்பாவமே" என்றன. லீவு கிடைத்துவிட்டது.

அந்த இரக்கம்தான் வினையாகிப்போனது.

"ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் வந்து பாக்குறோம்டி," என்றாள் பட்டன்காரி.

"ஐயோ, வேணாம்! நாத்தனார் வந்து கூட்டிட்டுப் போயிட்டா."

"நாத்தனார் வீடு எங்க இருக்கு?"

"ரொம்பத் தூரம்."

சூப்பர்வைசரக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை, கம்பெனி ஏட்டிலிருந்து காலர்க்காரியின் புருசன் நம்பரைத் தேடி எடுத்துப் பேசினாள்.

"அம்மாவோட இடுப்பு எப்படிங்கண்ணே இருக்கு? உங்க தங்கச்சி வீட்டுலதானே படுத்திருக்காங்க?"

வெல்டர் வெல்டிங் முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் பைக்கில் பறந்தார். தங்கச்சி வீட்டில் அம்மா இல்லை. விஷயத்தைக் கேட்ட தங்கச்சி அங்கேயே அழ ஆரம்பித்து, அழுதுகொண்டே பைக்கில் ஏறினாள். வழியில் பார்த்தவர்களில் ஏழெட்டுப் பேர், எதற்கும் இருக்கட்டும் என்று பின்னாலேயே வந்தார்கள்.

அம்மா தன் வீட்டில் ஸ்டூல்மேல் ஏறி நின்று ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

"யாருடா போனது?" என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

"நீதாம்மா!" என்று மகள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டதில், இல்லாத இடுப்பு முறிவு உண்மையாகவே வந்திருக்கும். மகன் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் விசாரணை நடந்தது.

"எங்கம்மாவை எதுக்குடி தள்ளிவிட்ட?"

"நான் எங்கங்க தள்ளினேன்? வாயாலதான்..."

"வாயால தள்ளினதுக்கே தெரு கூடிடுச்சு," என்றாள் மாமியார்.

காலர்க்காரி கைக்கு வந்த பொய்யை எடுத்தாள். "எனக்குப் பல்லுவலி அத்தை. பல்லுக்கெல்லாம் லீவு தர மாட்டாங்க. அதான்..."

"உன் பல்லுக்கு என் இடுப்புதானாடி கிடைச்சுது?"

வெல்டர் சிரித்துவிட்டார். "சரி விடு. வியாழக்கிழமை நானும் லீவு போடுறேன். நானே பல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன்."

அவளுக்கு உண்மையாகவே பல் கூசியது.

திங்கட்கிழமை முதல் அவர் ஒரு மாதிரியாக இருந்தார். சாப்பாட்டுக்கு நடுவே அவள் முகத்தையே பார்த்தார். "உனக்குப் பல்லு மட்டும்தானே? வேற எங்கயும் போகணும்னா சொல்லு" என்றார். செவ்வாயன்றும் அதையே கேட்டார். நோண்டுகிறார், சந்தேகம் தட்டிவிட்டது என்று அவள் முடிவுகட்டினாள். "பல்லுதான், பல்லுதான்" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப் பல் டாக்டர் வாசலில் பைக் நின்றது.

"நெசமாவே இங்கதானா?"

"இங்கதாங்க!"

உள்ளே டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். "பல்லெல்லாம் முத்து மாதிரி இருக்கும்மா. கடைசிப் பல்லுல மட்டும் சின்னதா ஒரு ஓட்டை. அடைச்சா சரியாப்போகும். ஒரு மணி நேரம் ஆகும்."

"புடுங்கினா?"

"பத்து நிமிஷம். ஆனா எதுக்கு..."

"புடுங்கிடுங்க சார்!"

பல் போனால் புருசன் நிம்மதியாகப் பட்டறைக்குப் போவார். அவள் பத்து மணிக்குள் மருத்துவமனைக்கு ஓடிவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு இடுக்கியைக் கையில் எடுத்தார்.

வாய் நிறையப் பஞ்சோடு அவள் வெளியே வந்தாள். வெல்டர் பதறி எழுந்தார்.

"புடுங்கியே புட்டாங்களா? ஐயையோ!"

தன் பல்லே போனதுபோல நின்றார். அவள் பட்டறை இருக்கும் திசையைக் காட்டி, "ம்ம்... ம்ம்..." என்றாள்.

"பேசாத. ஏறு."

பைக் பட்டறையைத் தாண்டியது. வீட்டுத் தெருவையும் தாண்டியது. பிறகுதான் நின்றது. அதே மருத்துவமனை. அதே பெண்கள் பிரிவு. சுவர்க் கடிகாரத்தில் பத்துக்கு இரண்டு நிமிஷம்.

தெரிந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் கேட்கப்போகிறார், 'யாரால வந்துச்சு?' என்று. பதில் சொல்ல வாய்கூட இல்லை.

அறைக் கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். அவளைப் பார்க்கவில்லை, அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

"வாங்கண்ணே! அக்கா பையில கவரைப் பாத்ததிலேருந்து மூணு நாளா இங்க வந்து, 'என்னாலதான் அவளுக்கு வந்திருக்குமோ, தெரிஞ்சா என்னை விட்டுட்டுப் போயிடுவாளோ'ன்னு கண்ணைக் கசக்கிட்டு நின்னீங்களே, இன்னும் அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லலையா?"