தெரியாததை விட்டுவிடவும்

வடசேரி பஸ் நிலையத்தில் காலை ஐந்தே முக்காலுக்குத் திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமலிருக்கத் தினசரியை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார் ராஜையன் சார். பஸ் கிளம்பக்கூட இல்லை. தினசரிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“சாரே, இம்புட்டுக் காலம்பற எங்க போறிய?”

தினசரியைத் தாழ்த்தினார். முன் சீட்டில் முட்டத்து ஞானசெல்வி. அவரிடம் படிக்கிற பெனினின் அம்மா. கடற்கரையில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். அவள் குரலுக்கு எதிரே ஏலம் கேட்க ஆண்பிள்ளைகளே யோசிப்பார்கள்.

“ஒரு சோலியாப் போறேன்” என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால், கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் பதில் சொல்லாமல் விடுகிற பழக்கம் ராஜையன் சாருக்குக் கிடையாது. வழி தெரியாத ஊரில் யாராவது வழி கேட்டாலும் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டுவார்.

“மெடிக்கல் காலேஜ் வரைக்கும். மச்சான் ஒருத்தருக்கு மேலுக்குச் சொகமில்ல.”

அவர் போனது பரீட்சை எழுத.

கோட்டாற்றில் ஜவுளிக்கடை ஒன்றின் மாடியில் அவர் ஒரு பயிற்சி மையம் நடத்திவந்தார். பங்கு வாங்கி விற்கிற தரகர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு பரீட்சை பாஸாகியிருக்க வேண்டும். அந்தப் பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று சொல்லிக் கொடுப்பதுதான் அவர் தொழில். இரண்டு வருடத்தில் அறுபது பிள்ளைகளைப் பாஸாக்கிவிட்டார். கொச்சியில், சென்னையில், துபாயில்கூட அவருடைய மாணவர்கள் வேலை பார்க்கிறார்கள்.

சார் மட்டும் பாஸாகவில்லை. நான்கு தடவை எழுதி நான்கு தடவையும் தோற்றாயிற்று. நாகர்கோவிலில் யாருக்கும் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை.

பாடம் தெரியாமல் தோற்றார் என்று சொன்னால் அது பாவம். நூறு கேள்வியில் அறுபத்தாறு அவருக்குச் சுத்தமாகத் தெரியும். அறுபது வாங்கினால் பாஸ். ஆனால் தப்பான பதில் ஒவ்வொன்றுக்கும் கால் மார்க் வெட்டுவார்கள். மீதி முப்பத்து நாலையும் சும்மா விட அவருக்கு மனசு வராது. எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு பதிலைத் தட்டிவிடுவார்; ஒன்றுகூடச் சரியாக விழாது. எட்டரை மார்க் போய், ஐம்பத்தேழரையில் வந்து நிற்பார். அவருடைய வகுப்புச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும் முதல் விதி, ‘தெரியாததை விட்டுவிடவும்.’ ஊருக்குத்தான் உபதேசம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

தோற்றுத் திரும்புகிற பஸ்ஸில், ஆத்திரத்தில், வந்த கேள்வி அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதிவிடுவார். பதில்தான் அவரைக் கைவிடுமே தவிர, கேள்வி ஒன்றுகூட மறக்காது. மறுநாள் அது ‘ராஜையன் மாதிரி வினாக்கள்’ என்ற பெயரில் ஜெராக்ஸ் ஆகிப் பிள்ளைகள் கையில் இருக்கும்.

இந்தத் தடவை விட முடியாது. கொச்சியிலிருந்து பெரிய தரகு நிறுவனம் ஒன்று நாகர்கோவிலில் கிளை திறக்கிறது. பணிக்கு எடுக்கிறவர்களுக்கெல்லாம் ராஜையன் சாரே பயிற்சி கொடுக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. திங்கட்கிழமை அவர்களுடைய அதிகாரி வந்து சாரின் சர்டிபிகேட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். “பிரேம் போடக் குடுத்திருக்கேன், திங்களாழ்ச்ச வந்துரும்” என்று சார் சொல்லியிருந்தார். இன்று சனிக்கிழமை.

“மச்சானுக்கு என்ன சீக்கு?” என்றாள் ஞானசெல்வி.

“கிட்னி.”

“எந்த வார்டுல கெடக்காரு?”

“பதினெட்டு.”

“பேரு?”

“கிருஷ்ணமணி.”

மூன்று கேள்வி, மூன்று தப்பான பதில். முக்கால் மார்க் போயிற்று.

“நல்லதாப் போச்சு. எனக்க சித்தி மக ஸ்மிதா அங்க நர்சுலா. நானும் அவளப் பாக்கத்தான் போறேன். ஒங்கள நேரா கட்டிலுக்குப் பக்கத்துல கொண்டு நிறுத்தச் சொல்லுதேன்.”

ராஜையன் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பரீட்சை பத்தரைக்கு. பதினொன்றுக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.

தக்கலை தாண்டியதும் ஒரு வழி தோன்றியது. “விசிட்டர உள்ள விடுகது சாயங்காலமாக்கும். காலையில விட மாட்டாவ.”

“ஸ்மிதா நிக்கும்போ நமக்கு என்ன காலை, என்ன சாயங்காலம்?”

மார்த்தாண்டத்தில் இன்னொன்று. “எனக்குத் தல சுத்துது. நான் இங்கயே எறங்கிடுதேன்.”

“தல சுத்தலோட எறங்கப் பிடாது சாரே. ஆசுவத்திரிக்குத்தானே போறோம், அங்க ஒங்களையும் காட்டிருவோம்.”

களியக்காவிளையில் கடைசி அஸ்திரம். “ஒருவேள நேத்தே டிஸ்சார்ஜ் ஆயிருப்பாரு.”

“கிட்னிக்காரன அம்புட்டு வேகம் விடுவாவளா? போய்ப் பாத்தாத்தானே ஒங்க மனசு கேக்கும்.”

தம்பானூரில் இறங்கியதும் கூட்டத்தில் நழுவிவிடலாம் என்று ஒரு திட்டம் வைத்திருந்தார். ஞானசெல்வி ஒரு கிலோ ஆரஞ்சு வாங்கி அவர் கையில் கொடுத்து, “பிடியுங்க, வெறுங்கையோட போவப் பிடாது” என்று சொல்லி, ஆட்டோவில் முதலில் அவரை ஏற்றிவிட்டு வாசல் பக்கம் தான் உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்மிதா அவர்களைப் பார்த்ததும் சிரித்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

“பதினெட்டு பிரசவ வார்டாக்கும்.”

“எட்டுன்னுதானே சொன்னேன்” என்றார் சார்.

“எட்டுல கிட்னி இல்ல. எலும்பு முறிவாக்கும்.”

“கிட்னியில தொடங்கி எலும்பு வரைக்கும் போயாச்சு” என்றார் சார்.

நர்ஸ் உத்தியோகத்தில் இப்படி ஒரு வியாதியை அவள் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் பதிவேட்டைப் புரட்டினாள். எட்டாம் வார்டு, இருபத்திரண்டாம் கட்டில், கிருஷ்ணமணி என்று எழுதியிருந்தது. இந்தப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு கிருஷ்ணமணி மேல்தான் விழும் என்பதை ராஜையன் சார் பெயர் சொல்லும்போது யோசித்திருக்க வேண்டும்.

குலசேகரத்துக் கிருஷ்ணமணி பலாமரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டவர். நாலு நாளாகத் துணைக்கு ஆளில்லாமல் கிடந்தார். வந்து நின்ற மனிதரைப் பார்த்தார். அவர் கையிலிருந்த ஆரஞ்சைப் பார்த்தார்.

“வந்தியளா மச்சான்” என்றார்.

ஞானசெல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாருங்க, எப்படித் தேடிக் கெடந்திருக்காரு.”

ராஜையன் சார் குனிந்து அவர் காதில், “ஓய், நான் ஒமக்கு ஆருமில்ல” என்றார்.

“அது எனக்குத் தெரியாதா?” என்று அதே குரலில் பதில் வந்தது. “சொந்த மச்சான் எட்டிப் பாக்கல்ல. நீரு ஆரஞ்சோட வந்திருக்கேரு. இனிமே நீருதான் மச்சான்.”

ஸ்மிதா கையில் ஒரு தாளோடு வந்தாள். “ரத்தம் குடுக்க ஆளில்லாமத்தான் இவருக்க ஆபரேஷன் தள்ளித் தள்ளிப் போவுது. ஒங்க வயசு என்ன சார்?”

“நாப்பத்தாறு.”

“சுகர் உண்டா?”

“இல்ல.”

“மஞ்சக்காமாலை வல்லதும் வந்திருக்கா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டிருப்பார்கள். ஆனால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அவருக்குச் சரியான பதில் தெரிந்திருந்தது. தெரிந்ததைத் தப்பாகச் சொல்ல அவருடைய கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அவர் வாழ்நாளில் நூற்றுக்கு நூறு வாங்கிய பரீட்சை அது ஒன்றுதான். பரிசாக ஊசியைக் குத்தினார்கள்.

சொட்டுச் சொட்டாக இறங்குகிற ரத்தத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். எழுந்தபோது பத்தேகால். “அரை மணி நேரம் படுத்திட்டுப் போவணும்” என்றாள் ஸ்மிதா. “ஜூஸ் குடியுங்க சாரே” என்று வழியை மறித்து நின்றாள் ஞானசெல்வி. ஜூஸை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, “மச்சானுக்கு மருந்து வாங்கிட்டு வாறேன்” என்று சொல்லி ஒரே ஓட்டமாக ஓடினார்.

தலைமைச் செயலகத்துக்கு முன்னால் யாரோ கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள். திருவனந்தபுரத்தில் அது தினம் நடக்கிற காரியம். ஆட்டோ முக்கி முனகித் தேர்வு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்து ஐம்பத்தெட்டு. காவலாளி கதவில் கை வைத்திருந்தார். பான் கார்டை நீட்டிக்கொண்டே சார் உள்ளே போய் விழுந்தார்.

திரையில் கேள்விகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. முழங்கை மடிப்பில் பஞ்சு. தெரிந்த கேள்விகளுக்கு விரல் தானாகப் போயிற்று. தெரியாத கேள்வி வந்தது. வழக்கம்போல அதனோடு மல்லுக்கு நிற்க உடம்பில் தெம்பு இல்லை. ‘தெரியாது’ என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். நாற்பத்தாறு வயதில் முதல் தடவை. சுகமாகத்தான் இருந்தது. அடுத்ததும் தெரியாது. அதுவும் சுகமாக இருந்தது. முப்பத்து நாலு கேள்வியை இப்படிச் சுகமாக விட்டுவிட்டு, எழுதிய அறுபத்தாறில் மூன்றை மட்டும் தப்பாக எழுதி, நேரம் முடிந்து திரை அணைந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது அறுபத்திரண்டே கால் என்று இருந்தது. பாஸ்.

அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவர், காவலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அழுகை வந்தது. இரண்டு வருடமாக வகுப்பில் சாக்பீஸை எடுக்கும்போதெல்லாம் உள்ளே ஒருவன் ‘உனக்கென்ன யோக்கியதை’ என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வாய் இன்றோடு அடைபட்டது.

மூன்று மணி பஸ்ஸில் ஏறினால் அங்கே ஞானசெல்வி.

“மருந்து வாங்கப் போன மனுசன எங்கெல்லாம் தேடினேன் சாரே? மச்சான ஆபரேஷனுக்குக் கொண்டு போயாச்சு. ஒங்களத்தான் கேட்டாரு. எங்க போயிருந்திய?”

இதற்கும் பதில் சொல்லாமல் விட முடியுமா? அதுவும் இன்று அவரிடம் உண்மையான பதிலே இருந்தது. பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார்.

“பெனினுக்க அம்மா, ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? அந்த ஆளு எனக்கு மச்சானுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. நான் பரீட்சை எழுத வந்தேன். இது அஞ்சாமத்த தடவ. இன்னைக்குத்தான் பாஸானேன். ஊருல இது ஒரு குருவிக்குக்கூடத் தெரியாது. ஒங்க வாயில இருந்து வெளிய வரப்பிடாது.”

அவள் அதிர்ந்துபோவாள், பிறகு கையெடுத்துக் கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் தாளை வாங்கி ஒரு தடவை பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

“நல்லாத் தெரியுமா? பாஸுதானா?”

“இந்தா சீல் வச்சிருக்குல்லா.”

“அப்ப இனி எழுத வர மாட்டியளா?”

“பாஸானவன் பின்ன என்னத்துக்கு வாறது?”

அவர் பையில் அந்த நோட்டு இன்று திறக்கப்படாமல் கிடந்தது. ஆத்திரம் இல்லாத மனிதனுக்குக் கேள்விகள் எப்படி ஞாபகம் இருக்கும்? பாதிக்கு மேல் ஏற்கனவே மறந்துபோயிருந்தன.

ஞானசெல்வியின் முகம் விழுந்துவிட்டது. தாளைத் திருப்பிக் கொடுத்தாள். வாழ்த்து என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மடியிலிருந்து செல்போனை எடுத்து, பஸ் முழுக்கக் கேட்கிற ஏலக் குரலில் பேசினாள்.

“மக்கா பெனினே, நீ சொன்ன மாதிரி சார பரீட்சைக்கு விடாம ஆசுவத்திரி வரைக்கும் இழுத்துப் பாத்தேன், ரத்தமும் எடுக்க வச்சேன், அதுக்குப் பெறவும் சாரு பாஸாயிட்டாரு. முந்தி நாலு தடவையும் தன்னால தோத்து ஒங்களுக்குக் கேள்வியக் கொண்டு வந்து தந்தாரு, இனி அந்த வழியும் அடஞ்சு போச்சு, நீ நாளைக்கே ஒரு புக்கு வாங்கிப் படிக்கத் தொடங்கிக்கோ.”