விழாமல் வாழ்வோம்

கீழே விழுந்ததும் செயலாளர் முதலில் பார்த்தது கணுக்காலை அல்ல; யாராவது பார்த்துவிட்டார்களா என்பதைத்தான்.

மன்றத்தின் வாசற்படியில் ஈ காக்கை இல்லை. காவலாளி மட்டும் தூரத்தில் கார்களை நிறுத்திக்கொண்டிருந்தார். எலும்பு மருத்துவர் சங்கத்தின் செயலாளர் மெல்ல எழுந்து நின்றார். இடது கால் ஒத்துழைக்க மறுத்தது.

"புது ஷூ வழுக்கும், போடாதீங்க" என்று மனைவி காலையிலேயே சொன்னாள். "எலும்பு டாக்டருக்கே நடக்கச் சொல்லித் தர்றியா?" என்று கேட்டுவிட்டு வந்திருந்தார்.

ஷூவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. முகம் தெரிகிற மாதிரி படிகளுக்குப் பாலிஷ் போடச் சொன்னவர் அவர்தான். முகம் நன்றாகவே தெரிந்தது, மிக அருகில். பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பியும் அகப்படவில்லை. அதை மூடி ஒரு பேனர் கட்டியிருந்தது. 'விழாமல் வாழ்வோம்! நம் சங்கத்தின் எதிர்கால இலக்கு!' அந்த யோசனையும் அவருடையதே.

விழும்போது அவர் பேனரின் ஒரு மூலையைத்தான் பிடித்து இழுத்தார். ஆனால் மூன்று மூலைகள் தொங்கின. கட்டினவனை மனதுக்குள் திட்டிவிட்டு, நொண்டியபடி உள்ளே போனார்.

சங்கத்தின் அடுத்த தலைவரை இன்றைக்குத்தான் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். போட்டி அவருக்கும் துணைத்தலைவிக்கும். முதியவர்கள் கீழே விழாமல் காக்கும் திட்டத்தை எழுதிய மனுஷன், அதன் பேனரைப் பிடித்துக்கொண்டே விழுந்தான் என்று தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

கழிப்பறையில் நின்று கழுத்திலிருந்த டையை அவிழ்த்துக் கணுக்காலில் இறுக்கிக் கட்டினார். வலி குறைந்தது. இப்போது ஷூ ஏறவில்லை. பின்பக்கத்தை மிதித்துச் செருப்பு மாதிரி மாட்டிக்கொண்டு, காகிதக் கட்டால் காலை மறைத்தபடி கூட்ட அறைக்குள் நுழைந்தார்.

திட்டத்தைப் பிரதி எடுக்கப் போய்த் தாமதமாகியிருந்தது. செயற்குழு முழுவதும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. வழக்கமாக அவரைக் கண்டதும் எழுந்து கைகுலுக்குகிறவர்கள், இன்று தலையை மட்டும் ஆட்டினார்கள்.

'சரி, நம்மைக் கழற்றிவிட முடிவு பண்ணிட்டாங்க' என்று நினைத்தார். இத்தனை வருடம் ஓடி ஓடி உழைத்ததற்கு ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை.

"மேடைக்குப் போய்ப் பேசுங்க" என்றார் தலைவர்.

மேடைக்கு மூன்று படிகள். செயலாளருக்கு வியர்த்தது.

"நின்னு பேசறவர் பெரியவர், உக்காந்து கேக்கறவர் சின்னவர்ங்கிற பாகுபாடு இனிமே நம்ம சங்கத்துல இருக்கக் கூடாது! நான் உக்காந்தே பேசறேன்!"

அப்படியொரு கைதட்டலை அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை.

"பிரமாதம்! இதையும் ஒரு இலக்கா சேர்த்துடுங்க" என்றார் துணைத்தலைவி. பேசும்போது அறையைச் சுற்றிச் சுற்றி வருகிற அம்மா, இன்று ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கிண்டல் செய்கிறார் என்று செயலாளருக்குப் புரிந்தது.

தேர்தல் வந்தது. "வேட்பாளர்கள் ரெண்டு பேரும் இப்படி முன்னாடி வந்து நில்லுங்க" என்றார் தலைவர்.

"அம்மா முதல்ல வரட்டும்."

"ஐயோ, நீங்கதான் சீனியர்."

"பெண்களுக்கு முன்னுரிமைன்னு நாலாவது இலக்குலயே இருக்கும்மா."

"மூத்தவங்களுக்கு மரியாதைன்னு மூணாவதுல இருக்கே!"

இருவரும் அசையவில்லை. தேர்தலை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார் தலைவர். "அப்ப கூட்டம் முடிஞ்சது. எல்லாரும் கிளம்பலாம்."

யாரும் கிளம்பவில்லை.

நன்றியுரைக்கு முன்பே காணாமல் போகிற கூட்டம் அது. எல்லோரும் போனபிறகு நொண்டிக்கொள்ளலாம் என்று செயலாளர் காத்திருந்தார். பொருளாளர் தொண்டையைக் கனைத்து, "இன்னொரு இலக்கு தோணுது" என்றார். அதன்பின் ஆளுக்கொன்று தோன்றியது. இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சி, ஆராய்ச்சிக்கு நிதி, நோயாளிகளோடு கனிவாகப் பேசுவது, வெளிநாட்டுச் சங்கங்களோடு உறவு, சங்கத்துக்குப் புதிய முத்திரை. மதியச் சாப்பாடும் மேசைக்கே வந்தது. ஐந்து இலக்குகளோடு வந்த சங்கம், மாலைக்குள் எதிர்காலத்தையே மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டது.

செயலாளரின் கால் பூசணிக்காயாகியிருந்தது. இனித் தாங்காது. மேசைக்கடியில் போனை வைத்துக் காவலாளிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, மெயினைக் கொஞ்சம் அணைச்சு வைங்க" என்று கிசுகிசுத்தார்.

"எதுக்கு சார்?"

"அணைங்கண்ணே, புண்ணியமாப் போகும்!"

விளக்குகள் அணைந்தன. இருட்டில் செயலாளர் ஒற்றைக்காலில் தத்தித் தத்திக் கழிப்பறைக்குள் போய் ஒளிந்துகொண்டார். வெளியே நாற்காலிகள் உருண்டன. 'ஆ', 'அம்மா' என்று குரல்கள் கேட்டன. பாவம், இருட்டில் முட்டிக்கொள்கிறார்கள். சத்தமெல்லாம் அடங்கிய பின்பு வெளியே வந்தார். கூட்ட அறையில் ஒருவரும் இல்லை.

தன்னுடைய மருத்துவமனைக்குப் போனால் ஊரே சிரிக்கும். நகரத்தின் மறுகோடியில், ஒரு சந்துக்குள் இருந்த சின்ன எக்ஸ்ரே நிலையத்துக்கு டாக்ஸி பிடித்தார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தார். எலும்பு டாக்டருக்குத் தெரியாததா? குளியலறையில் சோப்பு வழுக்கி விழுந்த கௌரவமான மனிதர்கள் எல்லோரும் அவரிடம் ஒரே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

வரவேற்பு மேசையில் ஒரு பெண் கணினியைத் தட்டிக்கொண்டிருந்தாள். கைக்குட்டையால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் பாதி முகத்தை மூடிக்கொண்டு, செயலாளர் மிடுக்காகச் சொன்னார்.

"கணுக்கால்ல ஒரு படம் எடுக்கணும்மா. காலையில டென்னிஸ் ஆடும்போது லேசாப் பிசகிடுச்சு."

அவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். சட்டையில் குத்தியிருந்த சங்கத்தின் பேட்ஜைப் பார்த்தாள். பிறகு உள்ளறையின் திரையை விலக்கிக் காட்டினாள்.

"உள்ள போய் உக்காருங்க டாக்டர். உங்க தலைவர், துணைத்தலைவியம்மா, பொருளாளர் எல்லாரும் அந்தப் பெஞ்சுலதான் இருக்காங்க. அவங்களும் காலையில டென்னிஸ்தான் ஆடினாங்களாம்."